1.4 லட்சம் கி.மீ ஓடிய கார்... எந்த ரிப்பேருக்குக் காசு போடலாம், எதை விட்டுடலாம்? முட்டம் கடற்கரையில் இருந்து ஒரு கணக்கு

பதின்மூன்று வருஷப் பழைய பெட்ரோல் கார். மீட்டரில் 1,40,000 கிலோமீட்டர். சர்வீஸுக்கு விட்டால், எஸ்டிமேட் 96,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. வண்டியை இன்றைக்கு அப்படியே விற்றாலே 1,80,000 ரூபாய்தான் தேறும். வேலை பார்க்கலாமா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?

முதல் கார் செகண்ட் ஹேண்டாக வாங்கியவர்கள், அப்பாவின் காரை இப்போது ஓட்டுபவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம் போன்ற கடலோர ஊரில் இருந்தால் இதில் இன்னொரு கேள்வியும் சேரும்: உப்புக்காற்று வண்டிக்கு அடியில் என்ன செய்து வைத்திருக்கிறது?

மேலே சொன்ன எண்கள் புரிவதற்காக நாம் எடுத்துக்கொள்ளும் மாதிரிக் கணக்கு. உங்கள் வண்டிக்கு எண்கள் மாறும். யோசிக்கும் முறை மாறாது. அதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முட்டத்தில் கார் ஏன் சீக்கிரம் வயதாகிறது?

சினிமாவில் பார்த்த அதே முட்டம்தான். பாறைகள், கலங்கரை விளக்கம், மீன்பிடித் துறைமுகம். நாகர்கோவிலில் இருந்து 20 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். தென்மேற்கைப் பார்த்திருக்கும் கடற்கரை என்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்று கடலில் இருந்து நேராக ஊருக்குள் வீசுகிறது. அலை பாறையில் மோதிச் சிதறும்போது கிளம்பும் நுண்ணிய உப்புத் துளிகளும் அதோடு வருகின்றன.

உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையே இல்லாத நாளிலும் வண்டியின் அடிப்பகுதி லேசான ஈரத்திலேயே இருக்கும். கூடவே உப்பில் உள்ள குளோரைடு துருப்பிடிப்பதை வேகப்படுத்தும்.

எவ்வளவு வேகம்? ஓர் இடத்தின் காற்று உலோகத்தை எவ்வளவு அரிக்கும் என்பதைச் சொல்ல ஐ.எஸ்.ஓ 9223 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதில் நடுத்தரமான சி3 வகை இடத்தில், பூச்சு இல்லாத சாதாரண இரும்பு முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்ரான் வரை கரையும். உப்பு அதிகமுள்ள கடற்கரைகள் போய்ச் சேரும் சி5 வகையில் இதுவே 80 முதல் 200 மைக்ரான்.

சின்ன எண்களாகத் தெரிகிறதா? காரின் பிரேக் ஆயில் ஓடும் இரும்புப் பைப்பின் சுவர் தடிமன் பொதுவாக 0.7 மில்லிமீட்டர், அதாவது 700 மைக்ரான்தான். பூச்சு நன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கல் பட்டு, கிளிப் உரசி பூச்சு போய்விட்டால், அந்த இடத்தில் இருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கும்.

அதனால்தான் ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு கார்களில் ஒன்று கோயம்புத்தூரிலும் ஒன்று முட்டத்திலும் ஓடியிருந்தால், அவை இரண்டும் ஒன்றல்ல. இங்கே மீட்டரைவிட அடிப்பகுதிதான் வண்டியின் உண்மையான வயசைச் சொல்லும்.

முதல் செலவு ரிப்பேருக்கு இல்லை, செக்கப்புக்கு

எஸ்டிமேட்டைப் பார்த்துப் பயப்படும் முன்பு, அது எப்படிப் போடப்பட்டது என்று கேளுங்கள். ஓட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து ‘இதுவா இருக்கும், அதுவா இருக்கும்’ என்று போட்ட பட்டியலா? லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்து எழுதியதா? ஊகத்தில் ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிக்கொண்டே போவதுதான் பழைய காரில் காசு கரையும் முதல் வழி.

உங்களுக்கு வேலை செய்து தரப்போகாத இன்னொரு மெக்கானிக்கிடம், பார்ப்பதற்கு மட்டும் கூலி கொடுத்து நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்லலாம்.

1. லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பகுதி: கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, சஸ்பென்ஷன் பாடியில் மாட்டும் இடங்கள், ஃப்ளோர், பிரேக் பைப், பெட்ரோல் பைப்.

2. கம்ப்ரஷன் டெஸ்ட்: ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறதா? ஒன்று மட்டும் ரொம்பக் குறைந்தால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ ஹெட் கேஸ்கட்டோ பிரச்சினையில் இருக்கிறது.

3. ஓ.பி.டி ஸ்கேன்: செக் எஞ்சின் லைட் எரியாவிட்டாலும் பழைய கோளாறு பதிவாகியிருக்கலாம்.

4. புகையும் ஆயிலும்: நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் பால் போன்ற படிவு இரண்டும் இருந்தால் கூலண்ட் எஞ்சினுக்குள் போகிறது என்று சந்தேகப்படலாம்.

மூன்று கூடையாகப் பிரியுங்கள்

எஸ்டிமேட்டின் மொத்தத் தொகையை வைத்து முடிவெடுத்தால் பெரும்பாலும் தப்பாகும். ஒவ்வொரு வரியையும் எடுத்து இந்த மூன்று கூடைகளில் போடுங்கள்.

முதல் கூடை: உயிர் சம்பந்தப்பட்டது. பிரேக் பேட், டிஸ்க், பிரேக் பைப், டயர், ஸ்டியரிங் ஜாயின்ட், லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், பெட்ரோல் லீக், சீட் பெல்ட், ஏர்பேக். இதில் பேரம் கிடையாது. வண்டியை வைத்துக்கொள்வதாக இருந்தால் உடனே செய்ய வேண்டும். ‘அடுத்த மாசம் பாக்கலாம்’ என்றால் அதுவரை வண்டியை எடுக்கக் கூடாது.

டயரில் இரண்டு விஷயம் பாருங்கள். ரப்பர் பள்ளத்தின் ஆழம் காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. இன்னொன்று, பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண். 1819 என்றால் 2019-ம் ஆண்டின் 18-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் பழைய ரப்பர் இறுகி, மழையில் பிடிப்பை இழக்கும். வருஷத்தில் இரண்டு பருவமழையையும் பார்க்கும் குமரி மாவட்டத்தில் இதை லேசாக எடுக்க முடியாது.

பிரேக் ஆயிலை மறக்காதீர்கள். அது காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். அதனால் கொதிநிலை குறையும். பைப் உள்ளுக்குள்ளும் துருப்பிடிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது செலவு குறைந்த, பலன் பெரிய வேலை.

இரண்டாவது கூடை: இன்று செய்யாவிட்டால் நாளை பெரிய செலவு. கூலண்ட், ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், எஞ்சின் ஆயில் லீக், டைமிங் பெல்ட். இவை சின்ன பார்ட்ஸ். ஆனால் நடுவழியில் ஹோஸ் வெடித்து, சூட்டு முள் மேலே போன பிறகும் ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். சில நூறு ரூபாய் ஹோஸ், எஞ்சினையே பிரிக்கும் வேலையாக மாறுவது இப்படித்தான்.

டைமிங் பெல்ட்டும் அதே ரகம். பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பழைய சான்ட்ரோ, ஆல்ட்டோ 800, 2.5 லிட்டர் டீசல் இன்னோவா போன்றவற்றில் பெல்ட் உண்டு. ஸ்விஃப்ட்டின் கே சீரிஸ் பெட்ரோல், 1.3 டீசல் எஞ்சின்களில் செயின். உங்கள் வண்டியில் எது, எப்போது மாற்ற வேண்டும் என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்கு பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இ20 பெட்ரோலும் இந்தக் கூடையில்தான் வரும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பல வண்டிகள் 20% எத்தனாலுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்களையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்டில் சொல்லியிருக்கிறது. சர்வீஸின்போது பெட்ரோல் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது கூடை: தள்ளிப்போடலாம், விட்டுவிடலாம். பம்பர் கீறல், டிங்கரிங், முழு பெயின்டிங், மியூசிக் சிஸ்டம், பவர் விண்டோ, சீட் கவர். இவற்றுக்குச் செலவழித்த காசு, விற்கும்போது அப்படியே திரும்பி வருவது அபூர்வம்.

ஏ.சி எந்தக் கூடை? அது உங்கள் வசதியைப் பொறுத்தது. ஆனால் ஒன்று மட்டும்: வண்டியின் முன்பக்கம் இருக்கும் ஏ.சி கண்டன்சர் உப்புக்காற்றை நேராக வாங்கும். அதில் ஓட்டை இருக்கும்போது ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் மட்டும் அடித்துக்கொண்டிருப்பது காசை வெளியில் விடுவதுதான். லீக்கைச் சரிசெய்யுங்கள், இல்லை என்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

துரு: எது ஓகே, எது ஆபத்து?

எல்லாத் துருவும் ஒன்றல்ல. சைலன்சர் மேல் பழுப்பு நிறம், போல்ட் தலையில் துரு, சஸ்பென்ஷன் கையின் மேல் மெல்லிய படலம் எல்லாம் கடற்கரை வண்டியில் சகஜம். சுரண்டி, பிரைமர் அடித்து, பூச்சு கொடுத்தால் போதும்.

ஃப்ளோரில் சின்ன ஓட்டை என்றால், அந்த இடத்தை வெட்டி எடுத்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். ஓட்டை மேல் பட்டி வைத்து மூடுவது ரிப்பேர் இல்லை.

ஆனால் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதி, பின்பக்க சஸ்பென்ஷன் மாட்டும் இடம், முன்பக்க ஷாக் அப்சார்பர் உட்காரும் இடம், சீட் பெல்ட் பிணைத்திருக்கும் இடம் ஆகியவை அரித்திருந்தால் விஷயம் வேறு. மோதலில் உங்களைக் காப்பாற்றுவது இந்தப் பகுதிகள்தான். ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். உள்ளே இறங்கினால், பெரும்பாலான பட்ஜெட் கார்களுக்கு அதுதான் முற்றுப்புள்ளி.

இங்கே வண்டி வாங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வண்டி பழசு, ஆனால் அடியில் மட்டும் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு என்றால் சந்தோஷப்படாதீர்கள். துருவின் மேலேயே பூசியிருந்தால், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு அரிப்பு மறைவில் தொடரும். இரண்டு, டிக்கியில் மீன் பெட்டி ஏற்றிய வண்டியா என்று பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் ஸ்டெப்னி வைக்கும் குழியில்தான் தேங்கும். மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்து, அடியைப் பாருங்கள். வாசனையே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

இப்போது கணக்கு

நம் மாதிரி எஸ்டிமேட்டுக்கு வருவோம்.

நான்கு டயர்: 16,000
பிரேக் பேட், டிஸ்க், ஆயில்: 8,000
லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், புஷ்: 18,000
ஃப்ளோர் வெல்டிங், அடிப்பூச்சு: 15,000
கிளட்ச் செட்: 10,000
ஏ.சி கண்டன்சர்: 9,000
பம்பர், கதவு பெயின்டிங்: 20,000
மொத்தம்: 96,000 ரூபாய்

‘ரிப்பேர் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் வித்துடு’ என்று பொதுவாகச் சொல்வார்கள். 1,80,000-ல் பாதி 90,000. அப்படிப் பார்த்தால் விற்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் யோசிக்கின்றன. விபத்துக்குப் பிறகு ரிப்பேர் செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகவே கணக்கில் எடுப்பார்கள்.

ஆனால் கூடைகளாகப் பிரித்தால் படம் மாறுகிறது. முதல் நான்கு வரிகள் கட்டாயம்: 57,000. கிளட்ச் ஏற்கெனவே வழுக்குகிறது என்றால் அதையும் சேர்த்து 67,000. ஏ.சியும் பெயின்டும் சேர்ந்த 29,000 உங்கள் விருப்பம்.

67,000 ரூபாய் போட்டு இரண்டு வருஷம் ஓட்டினால் மாதம் சுமார் 2,800 ரூபாய். அதற்குப் பதில் 5 லட்சம் ரூபாய் கடன் எடுத்து வேறு கார் வாங்கினால், 10% வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதம் சுமார் 10,600 ரூபாய் தவணை. ஐந்து வருஷம் கழித்து அந்தக் காருக்கும் ஒரு விலை இருக்கும் என்பது நியாயம்தான். பழைய வண்டியில் எதிர்பாராத வேலைக்கு மாதம் 2,000 ரூபாய் தனியாக ஒதுக்கினாலும்கூட, கையில் இருந்து போகும் காசு பாதிக்கும் கீழே. அதாவது, சந்தை விலையை மட்டும் பார்க்காதீர்கள். அந்தச் செலவு உங்களுக்கு எத்தனை மாதம் வாங்கித் தருகிறது என்று பாருங்கள்.

இதே பட்டியலில் ஒரே ஒரு வரி மாறட்டும். ‘ஃப்ளோர் வெல்டிங்’ என்ற இடத்தில் ‘சஸ்பென்ஷன் மாட்டும் இடம் அரித்துவிட்டது’ என்று வந்தால் பதில் தலைகீழ். புது டயரும் புது ஷாக்கும் அப்படிப்பட்ட பாடியில் வீண். லிஃப்ட் செக்கப்பை முதலில் செய்யச் சொன்னது இதனால்தான்.

இன்னொரு பொறி: ‘போன வருஷம்தான் 40,000 செலவு பண்ணேன், இப்ப எப்படி விடறது?’ அந்தக் காசு போனது போனதுதான். இன்றில் இருந்து போகும் செலவுக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டுமே கேள்வி.

ஆர்.சி தேதியைப் பார்த்தீர்களா?

எத்தனை மாதம் என்று கணக்கிட, மெக்கானிக்கைவிட ஆர்.சி புத்தகம் முக்கியம். சொந்தப் பயன்பாட்டு காரின் பதிவு 15 வருஷம் செல்லும். அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் தடை என்று நாம் படிக்கும் செய்திகள் டெல்லியும் சுற்றுப்பகுதிகளும் சம்பந்தப்பட்டவை. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது.

புதுப்பிக்கும் கட்டணம் காருக்கு 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 10,000 ரூபாய். தமிழ்நாட்டின் பசுமை வரி தனி. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். தேதி முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம்.

நம் மாதிரி வண்டிக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதனால் 24 மாதக் கணக்கு சரி. ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால், ஆய்வில் தேறுவதற்கான வேலையையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எல்லை தாண்டி வரும் கே.எல் நம்பர் வண்டிகள் நம் மாவட்டத்தில் நிறைய. விலை குறைவாகத் தெரியலாம். ஆனால் வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் டி.என் 74 அல்லது டி.என் 75 என்று மறுபதிவு செய்ய வேண்டும். தடையில்லாச் சான்று, இங்கத்திய சாலை வரி எல்லாம் ரிப்பேர் பட்ஜெட்டோடு சேரும் செலவுதான்.

பார்ட்ஸ் எங்கே, எப்படி?

2025 செப்டம்பர் 22 முதல் ஆட்டோ பார்ட்ஸ் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி 18%. அதற்கு முன்பு பலவற்றுக்கு 28%. அதே நாளில் சின்ன கார்களுக்கும் வரி 18% ஆனது. புதுசு விலை இறங்கினால் பழசின் விலையும் இறங்கும். அதனால் வண்டி விலையை மூன்று வருஷத்துக்கு முந்தைய நினைவில் வைத்துப் பேசாதீர்கள்.

கம்பெனியே நாட்டைவிட்டுப் போன வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. செவர்லே 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. வேலை ஆரம்பிக்கும் முன்பு பார்ட்ஸ் கையில் வந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். பிரித்துப் போட்ட வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கக் கூடாது.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கும் பழைய பார்ட்ஸில் கதவு, கண்ணாடி, லைட், பம்பர் தாராளமாக வாங்கலாம். பிரேக், டயர், ஏர்பேக், டைமிங் பெல்ட், ரப்பர் ஹோஸ் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம்.

எப்போது கை கழுவலாம்?

இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் விற்பதைப் பற்றி யோசியுங்கள். இரண்டு இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

தாங்கும் பகுதிகளில் துரு அரித்திருக்கிறது. எஞ்சின் சூடாகி ஹெட் வளைந்திருக்கிறது, அல்லது முழு போர் வேலை கேட்கிறது. வெள்ளத்தில் நின்று ஒயரிங் எல்லாம் பச்சைப் படிவு. கியர் பாக்ஸும் கிளட்ச்சும் சேர்ந்து போயிருக்கிறது. ஆர்.சி முடியப் போகிறது, ஆய்வில் தேற பெரிய வேலை இருக்கிறது.

விற்கும்போது குறைகளை வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்பது நல்லது. பிரேக் பைப் அரித்த வண்டியைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தால், அடுத்து அதில் உட்காரப்போவது இன்னொரு குடும்பம். ஆர்.சி பெயர் மாற்றம் முடிந்ததா என்பதையும் எம்பரிவாகன் செயலியில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், கடலோரத்தில் செலவே இல்லாத ஒரு பழக்கம் போதும். மேலே பளபளவென்று துடைப்பதைவிட, நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுங்கள். காற்றுக்காலத்தில் வாரம் ஒருமுறை. கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் அடைபடாமல் பாருங்கள். ஈரமான வண்டியை கவர் போட்டு மூடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க ஐந்து கேள்விகள்

• இதைச் செய்யாமல் நாளைக்கு நான் நாகர்கோவில் வரை ஓட்டிட்டுப் போகலாமா?
• மூணு மாசம் தள்ளிப்போட்டா, வேற எது கெட்டுப்போகும்?
• பிரிச்ச பிறகு கூடுதல் வேலை வந்தா, அதிகபட்சம் எவ்வளவு ஆகும்?
• மாற்றின பழைய பார்ட்டைக் கையில் தருவீங்களா?
• பார்ட்டுக்கும் கூலிக்கும் தனித்தனியா பில் உண்டா, எத்தனை மாசம் கேரண்டி?

இந்த ஐந்துக்கும் தயங்காமல் பதில் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.